கூடாரத்துக்குள் பனி

யானிக் வடக்கே சுரங்கத்துக்குக் கிளம்பிப் போய் இன்றோடு பதினேழு நாள். "என் வண்டியை யாரும் தொடக் கூடாது, பனி விழுந்தா கூடாரத்துக் கூரையை மட்டும் தட்டிவிடும்மா" என்று அம்மா ரேமோந்திடம் அவன் சொல்லிவிட்டுப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். செவ்வாய்க்கிழமை காலை, குளிர்காலத்தில் வண்டியை நிறுத்த வாசலில் போட்ட அந்தப் பிளாஸ்டிக் துணிக் கூடாரத்துக்குள் போன ரேமோந்த், வண்டியின் தலையில் ஒரு சாண் பனியைப் பார்த்து வாயடைத்துப் போனதும் நினைவிருக்கும். போன வாரம் அவளை அங்கேயே நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், குளிரில் விறைத்துப் போயிருப்பாள்.

வெளியில் நிற்கிற வண்டியில் பனி இருந்தால் அது வானத்தின் வேலை. ஜிப் இழுத்து மூடிய கூடாரத்துக்குள் நிற்கிற வண்டியில் பனி இருந்தால் அது மனுஷர் வேலை. யாரோ அதை ராத்திரியில் வெளியே எடுத்துப் போய், பனியில் சுற்றிவிட்டு, சத்தமில்லாமல் கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும்.

யார்?

சாவி இரண்டே இரண்டு. ஒன்று யானிக்கிடம், சுரங்கத்தில். இன்னொன்று கீழ்வீட்டில், ரேமோந்தின் சமையலறை இழுப்பறையில். கட்டின பெண்டாட்டி மாடியில் இருக்க, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிற பிள்ளை! இதைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் வாசகர் கடிதத்தில் என்னை வறுத்தெடுப்பீர்கள். அதனால் சொல்லவில்லை.

அந்த மாடிவீட்டுப் பெண்டாட்டி ஜோவானி துணி துவைக்கக் கீழேதான் வந்தாக வேண்டும். துவைக்கும் இயந்திரம் இருப்பதோ சமையலறை மூலையில். இழுப்பறையோ பூட்டில்லாதது. இதற்கு மேல் ரேமோந்துக்கு என்ன வேண்டும்? இருபத்தேழு வருஷம் ஜோங்கியேர் ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள் அவள். பின் சீட்டில் யார் பபிள்கம் ஒட்டினார்கள் என்பதைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லுவாள்.

செவ்வாய்க்கிழமை அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்த்து ஒரு மின்சார ரசீதின் பின்னால் குறித்துக்கொண்டாள். சாவியை இழுப்பறைக்குள் இருந்த ஆணியோடு நீலக் கம்பளி நூலால் இரட்டை முடிச்சு போட்டுக் கட்டினாள். யாராவது எடுத்தால் முடிச்சு காட்டிக் கொடுக்கும் என்பது கணக்கு. பிறகு காத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது.

காலை ஏழு மணிக்கு எழுந்து, காதுக் கருவியை மாட்டிக்கொண்டு ஜன்னலைத் திறந்து பார்த்தாள். ராத்திரி முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டியிருந்தது. பனி வாரும் டிராக்டர் ஆறு மணிக்கே வந்து வாசலைச் சுத்தமாக வழித்துவிட்டுப் போயிருந்தது. சக்கரத் தடம் ஏதாவது இருந்திருந்தாலும் அதுவும் போயே போச்சு.

கோட்டை மாட்டிக்கொண்டு கூடாரத்துக்குப் போனாள். ஜிப்பை மேலே இழுத்தாள்.

வண்டியின் தலையில் புதுப்பனி. முன்பக்கத்தில் எஞ்சின் சூட்டுக்குப் பனி உருகி, பிறகு உறைந்து, கண்ணாடித் தகடாகக் கிடந்தது.

"நற்கருணைப் பேழையே!" என்றாள் ரேமோந்த். அதோடு விடவில்லை. திருக்கிண்ணம், தீர்த்தக் குப்பி என்று பூசைச் சாமான் ஒன்று விடாமல் பேர் சொல்லித் திட்டினாள். இந்த ஊரில் கோபம் வந்தால் கோவிலைத்தான் இழுப்பார்கள்.

திரும்ப வீட்டுக்கு ஓடி இழுப்பறையைத் திறந்தாள். சாவி இருந்தது. நீல நூல் இருந்தது. இரட்டை முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது.

இந்த இடத்தில் நீங்களோ நானோ என்ன நினைத்திருப்போம்? 'அடடா, சாவியை யாரும் தொடவில்லை, நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம்' என்று இருப்போம். ரேமோந்த் என்ன நினைத்தாள் தெரியுமா? 'கள்ளச்சாவி போட்டிருக்கிறாள்!'

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முடிச்சை அவிழ்த்து, சாவியோடு போய் வண்டி மீட்டரைப் பார்த்துக்கொண்டாள்.

ஜோவானி ஏழரைக்கு வந்தாள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை; திங்களும் வியாழனும். பன்னிரண்டு மணி நேரம் பெரியவர்களைப் புரட்டிப் போட்டு, துடைத்து, உடை மாற்றி, முதுகு ஒடிந்து வருபவள். தன் சின்னக் காரைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் திறந்தவெளியில் நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"ஜோவானி, இங்க வா கொஞ்சம். பூட்ஸக் கழட்டாத."

"தூக்கம் கண்ணச் சுத்துது ரேமோந்த். அப்புறம் வரட்டுமா?"

"இப்பவே வா."

கூடாரத்துக்குள் கூட்டிப் போய் வண்டியைக் காட்டினாள்.

"இது என்ன?"

"பனி."

"எங்கேர்ந்து வந்துச்சு?"

"வானத்துலேர்ந்து."

"எங்கிட்ட வாயாடாத! செவ்வாக்கெழம காலைலயும் இப்படித்தான் இருந்துச்சு. இன்னிக்கும் இப்படித்தான். ரெண்டுமே நீ நைட்டு வேலைக்குப் போன மறுநாள். மீட்டர்ல தொண்ணூத்தாறு கிலோமீட்டர் கூடியிருக்கு, இப்பதான் பாத்தேன். போக நாப்பத்தெட்டு, வர நாப்பத்தெட்டு. எங்கடி போன?"

ஜோவானிக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. மாமியாரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்க சொல்றேன்."

நீல நூல் தொங்கிய சாவியை மாமியார் கையிலிருந்து பிடுங்கினாள். கதவைத் திறந்து ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். ஐந்தடி உயரம் அவள். காலை எவ்வளவு நீட்டினாலும் பூட்ஸ் நுனி பிரேக்குக்கு ஒரு சாண் தள்ளியே நின்றது.

"பாத்தீங்களா? எட்டல. சீட்டு கடைசி வரைக்கும் பின்னால இருக்கு. நான் ஓட்டியிருந்தா முன்னால இழுத்திருக்கணும். பஸ் ஓட்டினவங்க நீங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

ரேமோந்த் ஒரு கணம் தடுமாறினாள். அந்த ஒரு கணத்தோடு விட்டிருக்கலாம். சந்தேகம் பிடித்த மனசு விடுமா?

"அப்ப ஓட்டினது ஆம்பள," என்றாள்.

"என்னது?"

"உயரமான ஆம்பள. நீ கள்ளச்சாவி போட்டுக் குடுத்திருக்க. யாருடி அவன்?"

ஜோவானி வண்டியிலிருந்து இறங்கினாள். முகம் வெளுத்துவிட்டது. கத்துவாள் என்று ரேமோந்த் எதிர்பார்த்தாள். கத்தவில்லை.

"செவ்வாக்கெழம காலைல நானும் பாத்தேன் ரேமோந்த். வாசல்ல டயர் தடம் கூடாரத்துக்குள்ள போச்சு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நீங்க எடுத்துட்டுப் போறீங்கன்னு நெனச்சேன். கண் ஆபரேஷனுக்கப்புறம் டாக்டர் உங்கள ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்ல? எதிர்வீட்டு ரோசேர் பாத்தா ஊரெல்லாம் சொல்லுவாரேன்னு, வேலை முடிஞ்சு வந்த அலுப்போட ஷவலால அந்தத் தடத்த அழிச்சேன். உங்களக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு. நீங்க என்னடான்னா எனக்குக் கள்ளக்காதலனக் கட்டிவிடறீங்க!"

"நான் ஓட்டல!"

"நானும் ஓட்டல!"

இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள்.

"இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு யானிக் ஃபோன் பண்ணுவான்," என்றாள் ரேமோந்த். "அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லப் போறேன். வீடு என் பேர்ல இருக்கு. மாடியக் காலி பண்ண வேண்டியிருக்கும், பாத்துக்க."

"சொல்லுங்க. நாலு வருஷமா இந்த வீட்ல இருக்கேன். நாலு வருஷத்துல என்னப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கிட்டது இவ்வளவுதான்னா, நீங்க காலி பண்ணச் சொல்லவே வேண்டாம்."

சாவியை மாமியார் கையில் வைத்துவிட்டு மாடிப்படி ஏறிப் போனாள். படியின் இரும்புக் கம்பிகள் அதிர்ந்தன.

ரேமோந்த் பட்டாணி சூப்பைச் சூடு பண்ணினாள். குடிக்கப் பிடிக்கவில்லை. ரொட்டியைச் சுட்டு, பன்றிக்கறி விழுதைத் தடவினாள். அதுவும் இறங்கவில்லை. மின்சார ரசீதை எடுத்து, தனக்குத் தெரிந்த உயரமான ஆண்களின் பெயர்களை எழுத ஆரம்பித்தாள். குழாய் ரிப்பேர்காரன். ஜோவானியின் சித்தப்பா மகன். அந்த இல்லத்து மருத்துவர், அவர் ரொம்பச் சிரிக்கிறார். நாலாவதாகப் பங்குச் சாமியார் பெயரை எழுதப் போனவள், தனக்கே வெட்கமாகி பேனாவை மூடிவைத்தாள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அங்கே என் பிள்ளை மைனஸ் முப்பதில் பாறையை உடைக்கிறான், இங்கே இவள் அவன் வண்டியை எவனுக்கோ கொடுக்கிறாள் என்று நினைக்க நினைக்கக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

மதியம் இரண்டு மணி இருக்கும். தெருவில் தடால் என்று ஒரு சத்தம்.

ரேமோந்த் ஜன்னலுக்கு ஓடினாள். எதிர்வீட்டு ரோசேரின் கூடாரம் நடுவில் மடிந்து உட்கார்ந்திருந்தது. பனிப் பாரம் தாங்காமல் இரும்புக் குழாய் வளைந்து, பிளாஸ்டிக் துணி கிழிந்து, உள்ளே இருந்த கார் முழுக்கப் பனி. ரோசேர் வீட்டுச் செருப்போடு வெளியே ஓடிவந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அய்யய்யோ, கூரை!" என்றாள் ரேமோந்த்.

காலையிலிருந்து அவள் கூரையைத் தட்டவே இல்லை! கோபத்தில் மறந்தே போனாள். யானிக் சொல்லிவிட்டுப் போன ஒரே வேலை அது. கோட்டு பொத்தான்கூடப் போடாமல் வெளியே பாய்ந்தாள்.

பாய்ந்தவள் வாசலில் அப்படியே நின்றாள்.

கூடாரத்தின் கூரையில் பொட்டுப் பனி இல்லை. துணி முரசுத் தோல் மாதிரி விறைப்பாக நின்றது. இரண்டு பக்கமும் தரையில், தட்டித் தள்ளிய பனி இடுப்பு உயரத்துக்கு வரிசையாகக் கிடந்தது.

"என்ன ரேமோந்த், என் கதியப் பாக்க வந்தியா?" என்று எதிர்வாடையிலிருந்து ரோசேர் கத்தினார். "உனக்கென்ன, நீ விடியறதுக்குள்ள எழுந்து தட்டிட்ட! அஞ்சரைக்கு நாய வெளிய விடறப்பவே பாத்தேன், உன் கூரை பளிச்சுன்னு இருந்துச்சு. தெருவுலயே உன்னோடது ஒண்ணுதான். நானும் தட்டணும் தட்டணும்னு நெனச்சேன், காபி போட்டேன், மறந்துட்டேன்."

"அஞ்சரைக்கா? ஆளப் பாத்தீங்களா?"

"ஆளையா? நீதானே தட்டின?"

ஐந்தரைக்கு அவள் காதுக் கருவியைக் கழற்றிவைத்துவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

மெதுவாகக் கூடாரத்துக்குள் போனாள். கூரையை வெளியிலிருந்து சுரண்டக் கூடாது, துணி கிழிந்துவிடும். உள்ளே நின்றுகொண்டு, துணி சுற்றிய துடைப்பத்தால் மேல்நோக்கிக் குத்திக் குத்தித்தான் பனியைச் சரியவிட வேண்டும். அந்தத் துடைப்பத்தைத் தேடினாள். இரண்டு வாரமாக அவள் அதை ஜிப்புக்குப் பக்கத்தில்தான் சாய்த்து வைக்கிறாள். அங்கே இல்லை. வண்டிக்கு அடியில் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

துடைப்பம் உச்சிக் குழாயில், கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கைக்கு எட்டாத உயரத்தில்.

அந்தக் கொக்கியை அக்டோபரில் கூடாரம் போட்ட அன்றைக்கு மாட்டியவன் யானிக். "கீழ வெச்சா நீ வண்டி மேல சாச்சு பெயிண்ட்ட கீறிடுவம்மா" என்று சொல்லிக்கொண்டே மாட்டினான்.

ரேமோந்த் வண்டியின் பின் பம்பரில் உட்கார்ந்துவிட்டாள்.

திருட வந்தவன் எவனாவது கூரைப் பனியைத் தட்டிவிட்டுப் போவானா? கள்ளக் காதலன் எவனாவது, விடிகாலையில் யார் கண்ணிலும் படாமல் ஓட வேண்டிய நேரத்தில், கால் மணி நேரம் நின்று துடைப்பத்தால் குத்திக்கொண்டிருப்பானா? இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கும் அடுத்தவன் கூரை பெரிசில்லை. தன் வண்டிக்கு மேல் பனி கனத்து நிற்பதைத்தான் பார்த்துவிட்டுப் போக முடியாது. கை தானாகத் துடைப்பத்துக்குப் போகும். யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டான். யோசிக்காமல் செய்துவிட்டான்.

'என் பிள்ளை,' என்று நினைத்தாள். பிறகு, காலையில் அந்தப் பெண்ணைப் பார்த்துத் தான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அவமானத்தில் காது மடலெல்லாம் சுட்டது.

மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினாள். இரண்டு தடவை தட்டின பிறகுதான் திறந்தது. ஜோவானி தூங்கியிருக்கவில்லை. கட்டிலில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது, பாதி அடுக்கிய துணிகளோடு.

"என்ன, இப்பவே காலி பண்ணணுமா?"

"துடைப்பம் மேல கொக்கில தொங்குது," என்றாள் ரேமோந்த்.

"எந்தத் துடைப்பம்?"

"கூடாரத்துத் துடைப்பம். கூரைய நீ தட்டினியா?"

"ராத்திரி பூரா நான் வேலைலல்ல இருந்தேன்?"

"நானும் தட்டல. ஆனா தட்டியிருக்கு. தட்டிட்டு, கொக்கில மாட்டிட்டுப் போயிருக்கு."

ஜோவானி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். புரிந்துவிட்டது. அவள் குரல் மெலிந்து வந்தது.

"எனக்கு எந்த ராத்திரி வேலைன்னு அவனுக்குத் தெரியும். ராத்திரியில உங்களுக்குக் காது கேக்காதுன்னும் தெரியும். சாவி அவன்கிட்டயே இருக்கு. ஃபோன்ல முகத்தக் காட்டுடான்னா, பதினேழு நாளா 'இங்க நெட்டு சரியில்ல' ங்கறான்."

"நானும் அத நம்பிட்டேன்."

"அவன் சுரங்கத்துக்குப் போனானா, இல்லையா?"

"எனக்குத் தெரியல. சத்தியமாத் தெரியல." ரேமோந்த் கட்டிலில் கிடந்த பெட்டியைப் பார்த்தாள். "ஜோவானி, காலைல நான் பேசினது…"

"அத அப்புறம் பேசிக்கலாம். அதுக்கும் நாள் இருக்கு. இப்ப மணி என்ன?"

ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கீழ்வீட்டுச் சமையலறையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மேசை மேல் ஃபோன். ஜோவானி ஸ்பீக்கரைப் போடச் சொன்னாள், ரேமோந்த் போட்டாள்.

ஆறு மணிக்கு, நேரம் தவறாமல், மணி அடித்தது.

"எப்படிம்மா இருக்க?" யானிக்கின் குரல். வழக்கமான உற்சாகம்.

"இருக்கேன்டா. அங்க எப்படி?"

"மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி. மூக்கு உறைஞ்சுபோச்சு. சாப்பாடு மறுபடியும் கோழிதான். இன்னும் நாலு நாள், விமானம் கெளம்பிட்டா வந்துருவேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பிள்ளையின் பேச்சை ரேமோந்த் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முப்பத்து மூன்று வருஷம் வளர்த்திருக்கிறாள். எவ்வளவு சரளமாக வருகிறது! கோழியைக்கூடச் சேர்த்துக்கொள்கிறான்.

"யானிக், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காத. ராத்திரி இங்க பனி கொட்டிருச்சு. கூடாரம் சரிஞ்சுபோச்சுடா. உன் வண்டி மேலயே விழுந்துருச்சு. கண்ணாடியெல்லாம் நொறுங்கிப்போச்சு."

ஜோவானி சட்டென்று தலை நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள்.

"என்னது? அது எப்படிம்மா சரியும்?" யானிக் கத்தினான். "காலைல ஒரு பொட்டுப் பனி இல்லாமத் தட்டிட்டுத்தானே…"

நிறுத்திவிட்டான்.

சமையலறையில் குளிர்பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது. ரேமோந்த் எதுவும் பேசவில்லை. பேருந்தில் குறும்பு பண்ணின பிள்ளைகளிடமும் அவள் அப்படித்தான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பாள்.

"அம்மா," என்றான் கடைசியில். குரல் மாறிவிட்டது. "வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல."

"ஜோவானி மாடிலதானே இருக்கா?"

"ஏன்?"

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. ப்ளீஸ். அவ கேட்டா நீதான் கூரையத் தட்டினேன்னு சொல்லிடு. உனக்கு எல்லாத்தையும் சொல்றேன், ஒண்ணு விடாம. அவளுக்கு வேண்டாம்."

ஜோவானியின் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. அவள் மாமியாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாக இந்த வீட்டில் எந்தத் தகராறு வந்தாலும் ரேமோந்த் எந்தப் பக்கம் நின்றாள் என்பது இருவருக்குமே தெரியும்.

ரேமோந்துக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். பெத்த வயிறு. ஸ்பீக்கரை அணைத்து, ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, 'என்னடா கண்ணு, என்ன ஆச்சு?' என்று கேட்கத்தான் அவள் மனசு துடித்தது. கைகூட ஃபோன் வரைக்கும் போனது.

போன கை ஜோவானியின் பக்கம் திரும்பியது. மேசை விளிம்பைப் பிடித்திருந்த அந்த விரல்களின் மேல் போய் உட்கார்ந்தது.

"அவ மாடில இல்லடா," என்றாள் ரேமோந்த். "இங்கதான், என் பக்கத்துல உக்காந்திருக்கா. நீ பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா."

"யானிக், நீ எங்க இருக்க?" என்றாள் ஜோவானி.

"அம்மா, ஸ்பீக்கர அணை. உங்கிட்ட மட்டும் சொல்றேன்."

"அவளுக்கு வேண்டாம்னா எனக்கும் வேண்டாம்டா," என்றாள் ரேமோந்த். "ரெண்டு பேரும் கேக்கறோம். சொல்லு."

(தொடரும்)